காசு கொடுத்து வரைய வைத்த படம் யாருக்குச் சொந்தம்?

பரிசாகக் கொடுக்கப்படும் நீர்வண்ண ஓவியங்களில் பேசப்படாமல் போகும் கணக்கு

"அண்ணே, அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது. எங்க பழைய வீட்டுத் திண்ணையில அவரு உக்காந்திருக்கற மாதிரி ஒரு வாட்டர் கலர் வேணும். வீடு இப்ப இல்ல, இடிச்சாச்சு. போட்டோ ஒண்ணு இருக்கு, அனுப்பறேன். கொஞ்சம் மங்கலா இருக்கும்."

தட்டாஞ்சாவடியில் இருக்கும் ஒரு மகள், புதுச்சேரியில் இருக்கும் ஓர் ஓவியருக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓவியர் "சரிம்மா" என்கிறார். அட்வான்ஸ் ஜிபேயில் வருகிறது. இரண்டு வாரத்தில் படம் தயார். அப்பா கண்கலங்குகிறார், உறவினர்கள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இந்தப் படம் இனி யாருடையது, இதை நகல் எடுக்கும் உரிமை யாருக்கு, பத்து வருடம் கழித்தும் இந்த நிறம் இருக்குமா என்று அந்த வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு வரிகூட இருக்காது. கேட்டால் கொடுப்பவருக்கும் சங்கடம், வரைபவருக்கும் சங்கடம். பரிசு விஷயத்தில் போய் கணக்குப் பேசுவதா?

பேசத்தான் வேண்டும். ஏனென்றால் பேசாமல் விட்டால் சட்டம் ஒரு பதிலை வைத்திருக்கிறது. அந்தப் பதில் பல ஓவியர்களுக்கே அதிர்ச்சியாக இருக்கும்.

வெள்ளை நகரத்துக்கு வெளியே

புதுச்சேரியில் ஓவியம் என்றாலே மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண், சுவர்மேல் வழியும் காகிதப்பூ, பக்கத்தில் ஒரு சைக்கிள் என்று ஆகிவிட்டது. பிரெஞ்சுத் தெருக்களை வரைந்து சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பது ஒரு தொழில். அதில் தவறில்லை. ஆனால் தட்டாஞ்சாவடியை யாரும் அப்படித் தேடி வந்து வரைவதில்லை. தொழிற்பேட்டையும், நெல் மூட்டைகள் வந்து இறங்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும், வழுதாவூர் சாலையின் லாரி இரைச்சலும் அஞ்சலட்டைக்கு ஆகாத காட்சிகள். இந்தப் பக்கத்து வீடு ஒன்று ஓவியமாவதற்கு ஒரே வழி, அந்த வீட்டில் வளர்ந்த யாராவது காசு கொடுத்து வரையச் சொல்வதுதான். அந்த வகையில், ஆர்டர் கொடுத்து வரைய வைக்கும் பரிசுப் படங்கள் ஊரின் இன்னொரு பாதியைக் காகிதத்தில் ஏற்றுகின்றன.

இந்த ஊரில் கட்டடங்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. 2014 நவம்பர் 29 அன்று கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் மழையில் இடிந்து விழுந்தது. நகரமே அறிந்த கட்டடம் என்பதால் அதற்குப் படங்களும் அளவுகளும் இருந்தன, மறுபடி கட்டினார்கள். தட்டாஞ்சாவடியின் ஓட்டு வீட்டுக்கு அப்படி ஆவணம் கிடையாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. தண்ணீர் புகுந்த வீட்டில் டிவியைத் தூக்கி மேலே வைப்பார்கள். பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் கல்யாண ஆல்பம் நினைவுக்கு வருவதற்குள் போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

கொடுத்தவர் பெயர் இருக்கிறது, வரைந்தவர் பெயர் இல்லை

ஆர்டர் கொடுத்துப் படம் வரைய வைத்துப் பரிசளிப்பது இன்ஸ்டாகிராம் காலத்து வழக்கம் என்று நினைத்தால் தவறு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, பறவைகளையும் விலங்குகளையும் தாளில் வரையச் செய்தார். 1800-களின் தொடக்கத்தில் அப்படி உருவான ஒரு தொகுதி, தஞ்சையில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்குப் போயிற்று. இன்று அது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுச்சேரி ஓவியர்கள் ஐரோப்பிய அதிகாரிகள் கேட்டபடி தெய்வ உருவங்களையும், நெசவாளர், குயவர், தட்டார் என்று தொழில் செய்வோரையும் கணவன் மனைவி ஜோடிகளாக வரைந்து கொடுத்தார்கள். திருச்சியில் அபிரகத் தகட்டின் மேல்கூட வரைந்தார்கள். ஊருக்குத் திரும்பும் துரை, வீட்டாருக்குக் காட்டுவதற்காகப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன படங்கள் அவை.

இந்தப் படங்களுக்கு இன்று கம்பெனி ஓவியம் என்று பெயர். வரைய வைத்த கம்பெனியின் பெயர்தான் படத்துக்கு. மன்னர் யார் என்று தெரிகிறது, வாங்கிக்கொண்ட துரை யார் என்று தெரிகிறது. வரைந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் எங்கும் இல்லை.

தட்டாஞ்சாவடி என்ற பெயரின் முன்பாதியில் ஒரு தட்டார் இருக்கிறார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லலாம். நகை என்றால் தட்டாரிடம் சொல்லிச் செய்வது என்ற காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. தங்கத்தின் எடை, சேதாரம், செய்கூலி என்று மூன்றையும் தனித்தனியாகப் பேசி முடித்த பிறகுதான் வேலை தொடங்கும். அதில் யாருக்கும் சங்கடமில்லை. நகைக்கு இருக்கிற அந்தத் தெளிவு ஓவியத்துக்கு வரவேயில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957. அதன் 17-ஆவது பிரிவு, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே என்று தொடங்குகிறது. அதோடு நின்றிருந்தால் பிரச்சினையில்லை. அடுத்து வரும் விதிவிலக்குகளில் ஒன்று இப்படிப் போகிறது: ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், பணம் போன்ற ஒரு பலனைப் பெற்றுக்கொண்டு எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கும், வரையப்பட்ட ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்தில், கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர்.

அதாவது, அந்த "சரிம்மா"வோடு பேச்சு முடிந்திருந்தால் பதிப்புரிமை மகளுக்குப் போய்விட்டது. அவர் அந்தப் படத்தை ஐம்பது பிரதி எடுத்து, அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்களின் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கலாம். காலண்டர் அடிக்கலாம். ஓவியர் கேள்வி கேட்க முடியாது. மாறாக, அதே படத்தை ஓவியர் வாழ்த்து அட்டையாக அச்சிட்டு விற்றால் அது மகளின் உரிமையை மீறுவது. தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுவதற்குக்கூட முறைப்படி அவர் அனுமதி கேட்டாக வேண்டும். (விழாவுக்கு நாலு நாள் முன்பே அங்கே போட்டு, அப்பாவே அதைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்பது சட்டத்துக்கு அப்பாற்பட்ட பிரச்சினை.)

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. படம் அப்பாவுக்குப் பரிசாகப் போய்விட்டது, ஆனால் பதிப்புரிமை அவருக்குப் போகவில்லை. உரிமையை மாற்றித் தர எழுத்து வடிவில் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. ஆக, தாள் அப்பாவுடையது, நகலெடுக்கும் உரிமை மகளுடையது. ஓவியரிடம் என்ன இருக்கிறது? பெயர். 57-ஆவது பிரிவின்படி, உரிமை முழுவதையும் விற்றுவிட்டாலும் 'இதை வரைந்தது நான்' என்று சொல்லும் உரிமையும், தன் நற்பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் படைத்தவரிடமே இருக்கும். விஞ்ஞான் பவனின் சுவரிலிருந்து தன் வெண்கலச் சுவர்ச் சிற்பம் பெயர்த்தெடுக்கப்பட்டதற்காக அமர்நாத் சேகல் அரசுமீதே வழக்குப் போட்டு, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்றது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

வேறு நாடுகளில் நிலைமை இப்படியில்லை. பிரான்ஸில், ஆர்டரின் பேரில் வரைந்தார் என்பதாலேயே ஓவியரின் உரிமை கைமாறிவிடாது. புதுச்சேரியில் இன்றும் சில குடும்பங்களுக்குத் திருமணம், சொத்து போன்ற விஷயங்களில் பழைய பிரெஞ்சு சிவில் சட்டம் பொருந்துகிறது. ஆனால் ஓவியத்தின் பதிப்புரிமையைப் பொறுத்தவரை தட்டாஞ்சாவடிக்கும் தாராபுரத்துக்கும் ஒரே இந்தியச் சட்டம்தான்.

இந்த விதிவிலக்கை முற்றிலும் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. ஒருவரின் முகத்தை, அவர் வீட்டுக் குழந்தையின் முகத்தை வரைந்தவர், அதைக் கேட்காமல் கடைகளில் விற்கக்கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முகத்துக்குப் பொருந்தும் நியாயம் வீட்டுக்கும், தெருவுக்கும், வேப்பமரத்துக்கும் அப்படியே பொருந்துமா? பொருந்தாது. திண்ணையின் வெயிலை எந்த நிறத்தில் போடுவது என்று முடிவு செய்தவர் ஓவியர். இன்னும் ஒரு நஷ்டமும் இருக்கிறது. 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தில் ஓவியருக்கு ஒரு பங்கு உண்டு என்கிறது 53ஏ பிரிவு. அதுவும் அவர் முதல் உரிமையாளராக இருந்தால் மட்டுமே. ஆர்டருக்கு வரைந்தவருக்கு அந்தப் பங்கும் இல்லை.

வழி ரொம்ப எளிது. சட்டமே 'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்றுதான் சொல்கிறது. "படத்தின் பதிப்புரிமை ஓவியருக்கு. குடும்பத்தார் வீட்டு உபயோகத்துக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம். முகம் தெரியும் படங்களை ஓவியர் கேட்காமல் வெளியிட மாட்டார்." அட்வான்ஸ் வாங்கும்போதே இந்த மூன்று வரியை அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வாங்கிக்கொண்டால் பெரும்பாலான சிக்கல் தீர்ந்தது. காகிதத்தில் கையெழுத்தோடு இருந்தால் இன்னும் நல்லது. காசே வாங்காமல் நண்பருக்காக வரைந்து கொடுத்தால் இந்த விதிவிலக்கு வராது, உரிமை வரைந்தவரிடமே இருக்கும்.

படத்துக்கு ஆதாரமான போட்டோவுக்கும் இதே கணக்கு. கல்யாண வீட்டில் காசு கொடுத்து எடுக்க வைத்த போட்டோ, வேறு பேச்சு இல்லையென்றால், எடுக்கச் சொன்ன வீட்டாருடையது. அதைப் பார்த்து வரைவதில் தடையில்லை. கூகுளில் தேடி எடுத்த யாரோ ஒருவரின் போட்டோவைப் பார்த்து அச்சு அசலாக வரைவது அப்படியல்ல.

வாக்காளர் அட்டையில் இருக்கும் அம்மா

சட்டத்தைவிடக் கடினமான இடம் இது. பரிசுப் படம் கேட்டு வருபவர்களில் பலர் கொண்டுவருவது நல்ல போட்டோ இல்லை. அப்பாவுக்கு ஆபீஸ் அடையாள அட்டை, பாஸ்போர்ட், குரூப் போட்டோ என்று நாலு இருக்கும். அம்மாவுக்கு, அதிலும் அந்தத் தலைமுறை அம்மாக்களுக்கு, சில வீடுகளில் தனியாக எடுத்த படம் ஒன்றே ஒன்று, அது பழைய வாக்காளர் அடையாள அட்டையில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது. கேமராவைப் பார்த்து மிரண்ட முகம்.

"சார், அம்மா இப்படி இருக்க மாட்டாங்க. சிரிச்ச முகம். அத மாதிரி போட முடியுமா?"

இந்த வேண்டுகோளுக்கு நேர்மையான பதில், 'முடியும், ஆனால் அது பாதி உங்கள் அம்மா, பாதி ஓவியரின் ஊகம்' என்பதுதான். நல்ல ஓவியர் உடனே தூரிகையை எடுப்பதில்லை. அம்மாவுடைய தங்கை இருக்கிறாரா, அவர் சிரிக்கும் போட்டோ உண்டா, மூக்குத்தி எந்தப் பக்கம், பொட்டு எவ்வளவு பெரிது, புடவை எப்படிக் கட்டுவார் என்று கேட்கிறார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடி அண்ணன் தங்கைகள் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்ளும் ஒரு வாரம் இருக்கிறதே, அதற்கு எந்த விலைப்பட்டியலிலும் இடமில்லை. பரிசின் பாதி அங்கேதான் நடந்து முடிகிறது.

தமிழ் வீடுகளில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நேராகப் பார்க்கும் மார்பளவுப் படத்தைப் பிரேம் போட்டு ஹாலில் மாட்டினால், அடுத்து மாலையும் சீரோ வாட்ஸ் பல்பும்தான் நினைவுக்கு வரும். உயிரோடு இருப்பவருக்கு அப்படி ஒரு படத்தைப் பரிசாகக் கொடுத்தால், வாங்கும்போது சிரித்தாலும் மாட்டுவதற்கு ஆணி தேட மாட்டார்கள். அனுபவமுள்ள ஓவியர்கள் இதை வாடிக்கையாளருக்கு முதலிலேயே சொல்லிவிடுவார்கள். திண்ணையில் பேப்பர் படிக்கும் அப்பா, மோட்டார் கொட்டகை வாசலில் நிற்கும் தாத்தா, இட்லிப் பானையைத் திறக்கும் அம்மா என்று ஏதோ ஒரு வேலையில் இருக்கும்படி வரைவது அழகுக்காக மட்டுமல்ல.

"மீசைய மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்கிடுங்க"

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் தாளின் வெள்ளைதான். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே வண்ணம் போடாமல் விட்டு வைக்க வேண்டும். வெளிர் நிறத்தில் தொடங்கி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு, மெல்ல அடர்த்திக்குப் போவது அதன் முறை. ஆகவே வெளுத்ததைக் கறுப்பாக்கலாம், கறுத்ததை வெளுப்பாக்குவது கஷ்டம். படம் முடிந்த பிறகு மீசையை வெள்ளையாக்கச் சொல்வது, சாதம் வெந்த பிறகு அரிசியாக்கித் தரச் சொல்வது மாதிரி. கெட்டியான வெள்ளையைத் தடவலாம், ஆனால் அது ஒட்டுப்போட்டது போலத் தனியாகத் தெரியும். அதனால்தான் பென்சில் கோட்டு வரைவைக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே வண்ணத்துக்குப் போக வேண்டும். அதற்குமேல் திருத்தம் என்றால் புதுத் தாள், புது வேலை, அதற்குத் தனிக் கூலி. இதை முன்கூட்டிச் சொல்லாத ஓவியர் நஷ்டப்படுவார், சொன்ன பிறகும் கேட்கும் வாடிக்கையாளர் கூலியைக் கொடுக்கத்தான் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புதுச்சேரிக் காற்றில் ஈரம் ஏறிவிடும். ஜூனில் பத்து நிமிடத்தில் காயும் பூச்சு நவம்பரில் காயவே காயாது. ஹேர் டிரையரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மூன்று நாள் வேலை ஐந்து நாளாகும்.

விலை பேசும்போது இதெல்லாம் கணக்கில் வருவதில்லை. "ஒரு ஏ4 தாள்தானே, இதுக்கா இவ்ளோ?" என்ற கேள்வியை ஆர்டருக்கு வரையும் எவரும் கேட்டிருப்பார். வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவரிடம் நாள் கூலி என்ன என்று கேட்டுவிட்டுத்தான் வேலை தொடங்கச் சொல்கிறோம். அந்த மரியாதையைத் தாளில் வரைபவருக்கும் காட்டினால் போதும். ஆர்டர் வேலை செய்வது கலைஞனுக்கு இழுக்கு என்று ஓவியர்களில் சிலர் நினைப்பதும் சரியில்லை. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமே, அங்கிருந்த கலைஞர்கள் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்ற வருமானத்தில்தான் காலூன்றியது.

காகிதப்பூ முதலில் வெளுக்கும்

எந்தத் தாள், எந்த வண்ணம் என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. பள்ளிக்கூடச் சார்ட் தாளில் வரைந்தால் சில வருடத்தில் பழுக்கும். பருத்தி இழையால் ஆன, அமிலமில்லாத, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள்தான் தண்ணீரைத் தாங்கும். பிரான்ஸின் ஆர்ஷ் ஆலையில் 1492 முதல் தாள் செய்கிறார்கள், உலகம் முழுக்க ஓவியர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். புதுச்சேரிக்காரர்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் 1959-லிருந்து இதே ஊரில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்கிறது.

வண்ணம் வெளுப்பது பழைய பிரச்சினை. ரஸ்ஸலும் ஆப்னியும் 1888-இல் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கையே, ஒளி பட்டால் எந்தெந்த நீர்வண்ணம் மங்கும் என்பதைப் பற்றியதுதான். இன்றும் அருங்காட்சியகங்கள் நீர்வண்ணப் படங்களை 50 லக்ஸ் அளவுக்கு மங்கலான வெளிச்சத்தில்தான் வைக்கின்றன. அலிசரின் கிரிம்சன் என்ற பழைய சிவப்பும், பளீரென்று கண்ணைப் பறிக்கும் ரோஸ் வகைகளும் சீக்கிரம் போய்விடும். புதுச்சேரிப் படங்களில் எல்லாரும் ஆசையாகக் கேட்கும் காகிதப்பூவுக்கு அந்த ரோஸைத்தான் போடுகிறார்கள். சுவரின் மஞ்சள் அப்படியே இருக்க, பூ மட்டும் வெளுத்து நிற்கும்.

பிரேம் கடையில் "லேமினேஷன் போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சூடும் பசையும் பட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விட்டால் கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் தப்பிக்கும்.

கடைசியாக, இப்போது எல்லாரும் கேட்கிற ஏஐ. 2025 மார்ச்சில் கிப்லி பாணிப் படங்கள் பரவியபோது, போட்டோவை ஒரு நொடியில் 'வாட்டர் கலர்' ஆக்கலாம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்படி எடுத்துச் சொரசொரப்பான தாளில் அச்சிட்டுப் பரிசாகக் கொடுப்பது அவரவர் விருப்பம். அதைக் கையால் வரைந்தது என்று சொல்லி விற்பது ஏமாற்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. சந்தேகம் வந்தால் ஒரு பூதக்கண்ணாடி போதும். அச்சென்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கையால் வரைந்ததென்றால் வண்ணத்துக்கு அடியில் எங்காவது ஒரு பென்சில் கோடு எட்டிப் பார்க்கும், தண்ணீர் தேங்கிக் காய்ந்த விளிம்பு கறுத்திருக்கும், தாள் லேசாக நெளிந்திருக்கும். வேலை நடக்கும்போதே ஒன்றிரண்டு போட்டோ அனுப்பச் சொல்வது இன்னும் சுலபம்.

படத்தை வாங்கியதும் பிரேம் கடைக்குப் போவதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓவியரின் பெயர், தேதி, தாளின் வகை, வரையப்பட்டிருப்பது யார், எந்தத் தெரு வீடு என்று பென்சிலில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லலாம். பேனா கூடாது, மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். பின்பக்கம் அட்டை ஒட்டி மூடிய பிறகு அதைப் பார்க்க முடியாது, ஆகவே ஒட்டுவதற்கு முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.